நீண்ட கூந்தலோடு கனடாக் குளிருக்குப் போகிறவர்களுக்கு

தெஹிவளையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: பத்தொன்பது வயது மகள் ஜனவரியில் ரொறன்ரோவுக்குப் படிக்கப் போகிறாள், இடுப்புக்குக் கீழே தொங்கும் கூந்தல், அங்கேயுள்ள உறவினர்கள் எல்லோரும் "வெட்டிப்போட்டு அனுப்புங்கோ, குளிருக்கு முழுக்கக் கொட்டிவிடும்" என்கிறார்கள், வெட்டத்தான் வேண்டுமா, வெட்டாவிட்டால் எப்படிப் பராமரிப்பது?

வெட்டத் தேவையில்லை. ஸ்காபரோவில் என் தங்கையின் வீட்டில் ஏழு குளிர்காலங்களை இதே நீளக் கூந்தலோடு கழித்துவிட்டு, கூந்தலோடுதான் வெள்ளவத்தைக்குத் திரும்பி வந்தேன். ஆனால் முதலாவது குளிர்காலத்தில் நான் செய்யாத பிழை இல்லை. உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் கற்பித்தவளுக்கே தன் தலையில் நடக்கும் இரசாயனவியல் விளங்க ஒரு வருடம் பிடித்தது என்பதால், உங்கள் மகளுக்கு அந்த ஒரு வருடத்தை மிச்சப்படுத்திக் கொடுக்கலாம் என்று சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் எதற்குப் பயப்பட வேண்டும் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். எல்லோரும் குளிரைக் குற்றம் சொல்கிறார்கள். நுவரெலியாவிலும் குளிர்தான், ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில், ஜனவரி விடியற்காலைகளில் சில நாட்கள் புல்லின் மேல் உறைபனி படர்ந்திருக்கும். இருந்தும் அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் நீண்ட பின்னலோடு பாடசாலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். ரொறன்ரோவில் கூந்தலைக் கெடுப்பது வறட்சி, அதிலும் முக்கியமாக வீட்டுக்குள் இருக்கும் வறட்சி. கொழும்பில் ஒரு கன மீற்றர் காற்றில் சாதாரணமாக இருபது கிராமுக்கு மேல் நீராவி இருக்கும். பூச்சியத்துக்குக் கீழே 10 பாகை செல்சியஸில் இருக்கும் காற்றினால், எவ்வளவுதான் ஈரமானதாக இருந்தாலும், கன மீற்றருக்கு இரண்டு கிராம் அளவில்தான் நீராவியைத் தாங்க முடியும். அந்தக் காற்று கதவிடுக்கு வழியாக உள்ளே வந்து, ஹீற்றரினால் 21 பாகைக்குச் சூடாக்கப்படும்போது, அதிலிருக்கும் நீர் கூடுவதில்லை, ஆனால் அது தாங்கக்கூடிய நீரின் அளவு பதினெட்டுக் கிராமாக உயர்ந்துவிடுகிறது. வெளியே 80 சதவீதமாக இருந்த சார் ஈரப்பதன், அதாவது காற்று தாங்கக்கூடிய நீராவியில் உண்மையில் இருக்கும் பங்கு, உள்ளே 10 சதவீதத்துக்கு அருகில் இறங்கிவிடுவது இப்படித்தான். சமையலும் குளியலும் மூச்சும் அதைச் சற்று உயர்த்தும். ஆயினும் கொழும்பில் 75, 80 சதவீதத்தில் பிறந்து வளர்ந்த தலைமுடிக்கு அது பாலைவனம்தான்.

தலைமுடி இதை உடனே உணரும். ஈரப்பதன் 80 சதவீதத்துக்கு மேல் இருக்கும் இடத்தில் முடி தன் நிறையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு நீரைப் பிடித்து வைத்திருக்கும். 10 சதவீத ஈரப்பதனில் அது இருபதிலொரு பங்குக்கு வந்துவிடும். நீர் குறைந்த முடி விறைக்கும், வளைத்தால் நெகிழாது, அதன் மேற்பரப்பில் ஓடுகளைப் போல ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும் செதில்கள் உராய்வில் எளிதாக உரியும். வேரிலிருந்து முளைக்கும் புதிய முடிக்கு இதனால் பெரிய தீங்கு இல்லை. தீங்கு நுனிக்குத்தான். தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒன்றேகால் சென்ரிமீற்றர் வளர்கிறது. 90 சென்ரிமீற்றர் கூந்தல் என்றால், உங்கள் மகளின் பின்னலின் நுனி அவள் எட்டாம் தரத்தில் படித்தபோது முளைத்தது. ஆறு வருட வெயிலையும் சீப்பையும் ரிப்பனையும் பார்த்த அந்த நுனியிடம் செதில்கள் ஏற்கெனவே பாதி தேய்ந்திருக்கும். ஆகவே குளிர்காலப் பராமரிப்பு முழுவதும் கீழ்ப் பாதிக்கானது என்று மனதில் வைத்துக்கொண்டால் மிகுதி எல்லாம் தானாக விளங்கும்.

போவதற்கு முன் இரண்டு அல்லது மூன்று சென்ரிமீற்றர் நுனி வெட்டிவிடுவது நல்லது. வெடித்த நுனி அங்கே இன்னும் மேலே கிழிந்துகொண்டு போகும். அதற்கு மேல் எதையும் செய்விக்க வேண்டாம். நான் புறப்படுவதற்கு முன் இங்கே ஓர் அழகு நிலையத்தில், "நேராக்கிக்கொண்டு போனால் அங்கே பராமரிக்க இலகு" என்று சொல்லி இரசாயனம் பூசி நேராக்கிவிட்டார்கள். அந்தச் சிகிச்சை முடிக்கு உறுதி தரும் இருசல்பைட்டுப் பிணைப்புகளை உடைத்து மறுபடி கட்டுவது. எல்லாவற்றையும் மறுபடி கட்ட முடிவதில்லை. அந்த மார்கழியிலேயே தோளளவில் நார் நாராக முறியத் தொடங்கியது. பிழை அவர்களுடையது மட்டுமில்லை, அந்தப் பிணைப்பைப் பற்றிப் பாடம் நடத்திய நானும் நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

இனி எண்ணெய். எங்கள் ஆட்களிடம் முடியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எண்ணெயில்தான் வந்து நிற்கும் என்பதால் இதைக் கொஞ்சம் ஆறுதலாகவே சொல்கிறேன். முதல் வாரத்தில் ஒரு காலை, குளியலறை யன்னலோரம் வைத்திருந்த தேங்காய் எண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்தேன், ஒன்றும் வரவில்லை. உள்ளே வெண்ணிறமாக, மெழுகுதிரியைப் போல இறுகிக் கிடந்தது. தேங்காய் எண்ணெயின் உருகுநிலை ஏறத்தாழ 24 பாகை. கொழும்பில் அது திண்மமாவதை நாங்கள் பார்க்கவே மாட்டோம். போத்தலைச் சுடுநீரில் வைத்து உருக்கி, இங்கே செய்வதைப் போலவே தலை முழுவதும் தடவிப் பின்னிக்கொண்டு வெளியே போனேன். பஸ் தரிப்பிடத்தில் பத்து நிமிடம் நின்றபின் பின்னலைத் தொட்டால் கயிற்றுத் துண்டைப் போல விறைத்திருந்தது. முடியின் மேல் இருந்த எண்ணெய்ப் படலம் மறுபடி இறுகி, இழைகளை ஒன்றோடொன்று ஒட்டிவிட்டிருந்தது. அந்த நிலையில் பின்னலை மடக்கினால் இழைகள் நெகிழ இடமில்லை.

இதனால் தேங்காய் எண்ணெயைக் கைவிடச் சொல்லவில்லை; நேரத்தை மாற்றினால் போதும். தேங்காய் எண்ணெயில் பெரும்பங்காக உள்ள லோரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியதும் நேரானதும் என்பதால் அது முடியின் உள்ளே ஊடுருவக்கூடியது. 2003 இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிய எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, கழுவும்போது முடியிலிருந்து புரதம் இழக்கப்படுவதைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைத்தது தேங்காய் எண்ணெய் ஒன்றுதான் என்று காட்டியது. முடி நீரில் ஊறி வீங்குவதையும் கழுவியபின் சுருங்குவதையும் அது மட்டுப்படுத்துகிறது. ஆகவே அதன் இடம் முழுகுவதற்கு முன். கழுவும் நாளுக்கு முதல் நாளிரவோ, குறைந்தது இரண்டு மணி நேரம் முன்னதாகவோ, காதுக்குக் கீழே உள்ள நீளம் முழுவதற்கும் இளஞ்சூட்டில் தடவி ஊறவிட்டுப் பின்னர் கழுவிவிட வேண்டும். கழுவிய பின் பூச வேண்டுமானால் வீட்டுக்குளிரில் இறுகாத எண்ணெய் தேவை. நல்லெண்ணெய் அல்லது பாதாம் எண்ணெய் இரண்டு மூன்று துளிகளை உள்ளங்கையில் தேய்த்து, சற்று ஈரமாக இருக்கும்போதே நுனிக்குத் தடவினால் போதும். எண்ணெய் தன்னளவில் முடிக்கு நீரைக் கொடுப்பதில்லை. உராய்வைக் குறைக்கும், அவ்வளவுதான். வறண்ட முடியின் மேல் எண்ணெய் வழிய வழியப் பூசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள், பிறகு ஜாக்கெட்டின் கழுத்துப்பட்டியிலிருந்து எண்ணெய்க் கறையைப் போக்க வழி தேடுகிறார்கள்.

கொழும்பில் வியர்வைக்காக ஒருநாள் விட்டு ஒருநாள் தலைக்குக் குளித்துப் பழகியவள் அங்கே வாரத்துக்கு இரு முறையோடு நிறுத்திக்கொள்ளலாம். குளிருக்கு இதமாக இருக்கிறதென்று கொதிநீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு அரை மணி நேரம் நிற்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அந்தச் சூடு தோலின் இயற்கை எண்ணெயைக் கழுவிவிடும். உடம்புக்கு எப்படியோ, தலைக்கு வெதுவெதுப்பான நீர்தான். ஷாம்பூவை உச்சந்தலைக்கு மட்டும் போட்டுத் தேய்த்தால், வழிந்து இறங்கும் நுரையே நீளத்தைச் சுத்தப்படுத்திவிடும். நீளம் முழுவதையும் உச்சியில் குவித்துத் துணி துவைப்பதைப் போலக் கசக்குவதுதான் சிக்கு விழுவதற்கு முதற்காரணம். சீயாக்காயும் அரப்பும் கொண்டுபோகலாமா என்றால், கொண்டுபோகலாம், ஆனால் குளிர்காலத்தில் பயன்படுத்த வேண்டாம் என்பேன். அவற்றின் தூள் நீண்ட முடியிலிருந்து முழுமையாகக் கழுவப்படுவதற்கு நிறைய நீரும் நேரமும் வேண்டும், அத்தோடு ஏற்கெனவே வறண்ட முடியை அவை மேலும் சொரசொரப்பாக்கும்.

இந்த ஊரில் பலர் வீண்செலவு என்று நினைக்கும் கண்டிஷனர் அங்கே கட்டாயம். ஏன் என்பதற்கு ஒரு காட்சி சொல்கிறேன். வெளியிலிருந்து வந்து கம்பளித் தொப்பியைக் கழற்றினால் படபடவென்று ஒரு சத்தம். இருட்டான அறையாக இருந்தால் சிறு பொறிகளும் தெரியும். அதன்பின் உச்சியிலுள்ள முடியெல்லாம் எழுந்து நின்று முகத்தில் ஒட்டும். இது நிலைமின். ஈரமான காற்றில் முடியின் மேல் படியும் நீர், உராய்வினால் சேரும் மின்னேற்றத்தைக் கசியவிட்டுவிடும். வறண்ட காற்றில் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. ஒரே வகை ஏற்றம் கொண்ட இழைகள் ஒன்றையொன்று தள்ளுவதால் முடி பறக்கிறது, பறந்த முடி சிக்குகிறது, சிக்கை இழுக்கும்போது முறிகிறது. கண்டிஷனரிலுள்ள முக்கிய சேர்மங்கள் நேரேற்றம் உடையவை. தேய்ந்த முடியின் மேற்பரப்பு மறையேற்றம் கொண்டதாக இருப்பதால் அவை போய் அங்கேயே ஒட்டிக்கொள்கின்றன. எங்கே தேய்மானம் அதிகமோ அங்கே அதிகமாக ஒட்டுகின்றன. நுனிக்கு மருந்து தானாகவே போய்ச் சேர்வதைப் போன்ற இந்த ஏற்பாட்டை நான் ஒவ்வொரு வருடமும் வகுப்பில் சொல்லி மகிழ்ந்ததுண்டு. காதளவிலிருந்து கீழே தடவி, இரண்டு மூன்று நிமிடம் விட்டு, பல் அகன்ற சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேலே மேலே சிக்கெடுத்துக் கழுவ வேண்டும். தொப்பி கழற்றும்போது பறக்கும் முடிக்கு, கை கழுவி முற்றாக உலராத விரல்களால் ஒரு முறை வருடினால் அடங்கிவிடும்.

ரொறன்ரோவின் குழாய்நீர் ஒன்ராறியோ ஏரியிலிருந்து வருவது, மிதமான வன்னீர், அதாவது கல்சியம் போன்ற உப்புகள் ஓரளவு கரைந்த நீர். களனி ஆற்றையும் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களையும் நம்பியிருக்கும் கொழும்புக்காரருக்கு அது புதிது. சுண்ணக்கல் நிலத்துக் கிணற்றில் முழுகி வளர்ந்த யாழ்ப்பாணத்தவருக்கு அது ஒன்றுமேயில்லை. அங்கே அம்மம்மாமார் கடைசி வாளித் தண்ணீரில் தேசிக்காய் பிழிந்து ஊற்றுவார்களே, முடியில் படிந்த கல்சியத்தை அந்த அமிலம் கரைத்துவிடும். முடி மங்கலாகத் தோன்றினால் மாதத்துக்கு ஒரு முறை ஒரு லீற்றர் நீருக்கு ஒரு தேக்கரண்டி சாறு விட்டு அலசிவிட்டுப் பிறகு நல்ல நீரால் கழுவலாம்.

முழுகுவது மாலையில்தான் இருக்க வேண்டும். ஈரத் தலையோடு வெளியே போனால் தடிமன் பிடிக்கும் என்று நீங்கள் பயப்படுவீர்கள். தடிமனைக் கொடுப்பது வைரசு, ஈரத் தலை இல்லை. ஈர முடி உறைந்தால் உடைந்து விழும் என்பதும் மிகைதான். யூக்கோன் பிரதேசத்தில் வைற்ஹோர்ஸ் நகருக்கு அருகே உள்ள வெந்நீர் ஊற்றொன்றில், பூச்சியத்துக்குக் கீழே 20 பாகைக் குளிரில் ஈரத் தலைமுடியைக் கொம்புபோலவும் மயில்தோகைபோலவும் உறையவைத்துப் படமெடுக்கும் போட்டியே நடக்கிறது. எல்லோரும் தலைமுடியோடுதான் வீடு திரும்புகிறார்கள். அவர்கள் உறைந்த முடியை மடக்குவதில்லை, வெந்நீரில் அமிழ்ந்து அதை இளக வைக்கிறார்கள். பல்கலைக்கழகத்துக்கு ஓடும் பிள்ளையின் உறைந்த பின்னலோ பையின் பட்டிக்கும் முதுகுக்கும் இடையே அகப்பட்டுத் தேயும். பிரச்சினை அங்கேதான்.

உலர்த்துவதில் ஒரு நல்ல செய்தி: நவம்பர் மழைக்காலத்தில் கொழும்பில் நாள் முழுதும் காயாமல் மணக்கும் கூந்தல், சூடாக்கப்பட்ட அந்த அறையில் விரைவில் காய்ந்துவிடும். துவாயால் அடித்துத் துவட்டாமல், பழைய பருத்திச் சட்டையொன்றால் ஒற்றி எடுத்து, விரித்துவிட்டு இரவுச் சாப்பாடு முடிக்கும்வரை இருந்தால் பெரும்பகுதி உலர்ந்துவிடும். மிகுதிக்கு ஹெயார் ட்ரையர் பயன்படுத்துவதில் தவறில்லை. 15 சென்ரிமீற்றர் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே உலர்த்தியபோது, நெடுநேரம் ஈரமாகவே விட்டதைவிடக் குறைந்த பாதிப்பே ஏற்பட்டது என்று 2011 இல் கொரியாவில் செய்யப்பட்ட ஆய்வொன்று முடிவுசெய்தது. ஈரத் தலையோடு படுப்பதைத்தான் தவிர்க்க வேண்டும்: நீரில் ஊறிய முடி இழுபட்டு நீளும், அந்நிலையில் தலையணையில் புரண்டால் செதில்கள் உரியும்.

உடுப்பு விஷயத்தில் அங்கே யாரும் சொல்லித் தராத ஒன்று உண்டு. குளிர்காலத்தில் முடியை அதிகம் தேய்ப்பது கம்பளித் தொப்பியும், கழுத்தைச் சுற்றும் சால்வையும், ஜாக்கெட்டின் கழுத்துப்பட்டியும்தான். பிடரியில் உள்ளங்கையளவு இடத்தில் தினமும் சிக்கு விழுந்து முடிச்சாவதை ஒரு மாதத்துக்குள் அவளே காண்பாள். என் தங்கை கிழிந்துபோன ஒரு பழைய பட்டுச் சேலையின் உடல் பகுதியை வெட்டி, என் தொப்பிக்கு உள்ளே வைத்து ஓரம் தைத்துத் தந்தாள். மிஞ்சிய துண்டில் ஒரு தலையணை உறையும் செய்தாள். ஜரிகை இல்லாத பகுதியாக இருக்க வேண்டும், ஜரிகை சீப்பைவிட மோசமாகப் பிடுங்கும். இறுக்கமான கொண்டை தொப்பிக்குள் அடங்காது, அத்தோடு நெற்றியோர முடியை வேரோடு இழுக்கும். தளர்வான ஒற்றைப் பின்னல், நுனியை மடித்துத் துணி சுற்றிய வளையத்தால் கட்டி, ஜாக்கெட்டின் உள்ளே முதுகோடு விட்டுவிடுவதே சரி. முதலில் பின்னல், அதன்பின் சிப். இந்த ஒழுங்கை மாற்றிச் செய்து, ஒரு பெப்ரவரி மாலை சனம் நிறைந்த பஸ்ஸுக்குள், சிப்பில் கடிபட்ட நாலு விரல் நீள முடியைச் சாவிக்கொத்தில் இருந்த சிறு கத்தியால் அறுத்து விடுபட்டவள் சொல்கிறேன்.

அறைக்கு ஓர் ஈரப்பதமூட்டி வாங்கினால், இதுவரை சொன்ன பலவற்றுக்கும் அதுவே பாதி விடை. ஈரப்பதனை 30 முதல் 40 சதவீதத்துக்குள் வைத்திருந்தால் போதும். அதற்கு மேல் போனால் யன்னல் கண்ணாடியில் நீர் வழிந்து பூஞ்சணம் பிடிக்கும். நாளாந்தம் அதன் நீரை மாற்றிக் கழுவ வேண்டும்.

உச்சந்தலையில் வெள்ளையாக உதிரத் தொடங்கினால் உடனே எண்ணெய் வைக்க வேண்டாம். சாதாரண வறட்சியால் உதிர்வது நுண்ணியதாகவும் காய்ந்ததாகவும் இருக்கும். மஞ்சள் கலந்து, பிசுபிசுப்பாக, அரிப்போடு வந்தால் அது பொடுகு. எங்கள் எல்லோருடைய தோலிலும் வாழும் மலசேசியா என்ற மதுவத்துக்கு அதில் பங்குண்டு. அது கொழுப்பை உண்டு வாழ்வது. பொடுகுள்ள தலையில் எண்ணெய் ஊறவைப்பது அதற்குச் சாப்பாடு போடுவதாகும். கீட்டோகொனசோல் கலந்த ஷாம்பூவை வாரத்துக்கு இரு முறை, மூன்று முதல் ஐந்து நிமிடம் தலையில் வைத்துக் கழுவிவரச் சில வாரங்களில் அடங்கும். அடங்காவிட்டால் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

உறவினர்கள் சொன்ன "கொட்டிவிடும்" என்பதை இனிப் பார்ப்போம். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு உண்மையாகவே கொட்டியிருக்கும். ஆனால் கொட்டுவது வேறு, முறிவது வேறு. விழுந்த முடியை எடுத்துப் பார்த்தால், ஒரு முனையில் சிறிய வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்தது. குமிழ் இல்லாத துண்டாக இருந்தால் முறிந்தது. இதுவரை எழுதியதெல்லாம் முறிவைத் தடுக்கும். உதிர்வுக்குக் காரணம் பெரும்பாலும் வேறொன்று. உடம்புக்கு ஒரு பெரிய அதிர்ச்சி ஏற்பட்டால், அது காய்ச்சலாகவோ, மனக்கவலையாகவோ, சாப்பாடு திடீரெனக் குறைந்ததாகவோ இருக்கலாம், நிறைய மயிர்க்கால்கள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும்; இரண்டு மூன்று மாதம் கழித்து அவை ஒன்றாக உதிரும். ஜனவரியில் போய், வீட்டை நினைத்து அழுது, பாணையும் நூடில்ஸையும் தின்று சமாளித்த பிள்ளைக்கு ஏப்ரல் வாக்கில் கை நிறைய முடி வரும். அப்போது தண்ணீரைக் குற்றம் சொல்லி விலையுயர்ந்த சீரம்களை வாங்குவார்கள். நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு முடி உதிர்வது இயல்பு. அதற்கு மேல் உதிர்ந்தாலும், இந்தக் காரணத்தால் என்றால், ஆறு மாதத்துக்குள் தானாகவே குறைந்துவிடும். இங்கிருந்து புறப்படுமுன் இரும்புச் சத்துக்கும் தைரொயிட்டுக்கும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது எந்த எண்ணெயையும்விடப் பயன் தரும். மாதவிடாய் அதிகமுள்ள பெண் பிள்ளைகளுக்கு இரும்புக் குறைவு மிகச் சாதாரணம்.

பொதியில் வைக்க வேண்டியவை அதிகமில்லை. பல் அகன்ற சீப்பு, பட்டுத் துண்டு வைத்துத் தைத்த தொப்பி, தலையணை உறை, ஒரு சிறிய நல்லெண்ணெய். கண்டிஷனரை அங்கேயே வாங்கட்டும். தேங்காய் எண்ணெயை ஒடுங்கிய கழுத்துள்ள போத்தலில் கொடுத்துவிடாதீர்கள். ஜாம் வந்த அகன்ற வாய்ப் போத்தல் ஒன்றைக் கழுவிக் காயவைத்து அதில் நிரப்பிக் கொடுங்கள். அவள் அதைக் கரண்டியால்தான் தோண்டி எடுக்க வேண்டியிருக்கும்.